சரி போடுவதற்கு முன்

வர்த்தகப் பிரிவில் படிக்கும் எங்களைப் பார்த்து "படித்து முடித்து என்ன வேலைக்குப் போகப் போறீங்க?" என்று கேட்பவர்கள், வங்கி என்றால் தலையாட்டுவார்கள். ஆசிரியை என்றால் மகிழ்வார்கள். கணக்காய்வாளர் என்றால் மட்டும் சற்று நேரம் யோசித்துவிட்டு, "கள்ளக் கணக்குப் பிடிக்கிற வேலையா மகள்?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கணக்கீட்டுப் பாடத்தில் நாம் பெரும்பாலும் கணக்குகளைத் தயாரிக்கவே கற்கிறோம். வேறொருவர் தயாரித்த கணக்கை எடுத்து, "இதை நம்பலாமா?" என்று பார்ப்பது வேறு வேலை. அதைப் புதிதாகத் தொடங்கும் ஒருவர் எதைக் கற்கிறார், எப்படி வளர்கிறார் என்பதை அறிய எனக்கு ஆசை. என் மாமியின் மகள் கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்து இது இரண்டாவது வருடம். விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்தபோது ராத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும், நான் வாசித்து அறிந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கணக்காய்வு யாருக்காக?

ஒரு கம்பனியில் பணம் போட்டவர்கள் பங்குதாரர்கள். அந்தப் பணத்தைக் கொண்டு தொழிலை நடத்துபவர்கள் பணிப்பாளர்களும் முகாமையாளர்களும். ஆண்டு முடிவில் "இவ்வளவு இலாபம், இவ்வளவு சொத்து" என்று நிதிக்கூற்றுகளைத் தயாரிப்பவர்களும் அவர்களே. வேலை செய்தவரே தன் வேலைக்குப் புள்ளி போட்டுக்கொள்வது போன்ற நிலை இது. ஆகவே இரு தரப்புக்கும் வெளியே நிற்கும் ஒருவர் அந்தக் கூற்றுகளைப் பரிசோதித்துத் தன் அபிப்பிராயத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டியுள்ளது. இலங்கையில் கம்பனிகளுக்கான இந்த ஏற்பாடு 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் உள்ளது.

அரசாங்கப் பணத்துக்கும் இதே நியாயம்தான். அங்கே பங்குதாரரின் இடத்தில் பொதுமக்கள் இருக்கிறார்கள். அமைச்சுகள், திணைக்களங்கள், எமது யாழ்ப்பாண மாநகர சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்கள் ஆகியவற்றின் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் பரிசோதிக்கிறார். பிரித்தானியர் காலத்தில் 1799ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் தொடங்கிய பதவி அது. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் அதன் அதிகாரங்களை விரித்தது.

கணக்காய்வாளர் தரும் அபிப்பிராயத்தில் "எல்லாமே நூற்றுக்கு நூறு சரி" என்ற சொல் இருக்காது. நிதிக்கூற்றுகள் உண்மையானதும் நியாயமானதுமான தோற்றத்தைக் காட்டுகின்றனவா என்பதையே அவர் சொல்கிறார். ஒரு வருடத்தில் இலட்சக்கணக்கான கொடுக்கல் வாங்கல் நடக்கும் கம்பனியில் ஒவ்வொன்றையும் பார்ப்பது நடக்காத காரியம். எனவே தெரிவு செய்து பார்க்கிறார்கள். எதைத் தெரிவு செய்வது, எவ்வளவு பெரிய பிழை வாசிப்பவரின் முடிவை மாற்றும் என்று தீர்மானிப்பது அனுபவசாலிகளின் வேலை. தெரிவு செய்ததைப் பார்ப்பது பெரும்பாலும் புதியவரின் வேலை.

முதல் வருடத்தில் கையில் கிடைப்பவை

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரத்திலேயே பெரிய விடயங்கள் தரப்படுவதில்லை. காசேட்டின் கூட்டுத்தொகையைச் சரிபார்த்தல், செலவுக்கு உறுதிச்சீட்டு இருக்கிறதா என்று பார்த்தல், சில்லறைக் காசை எண்ணுதல், வங்கி இணக்கக் கூற்றைப் பரிசோதித்தல், இருப்புக் கணக்கெடுப்பின்போது பக்கத்தில் நின்று பார்த்தல் ஆகியவைதான் கிடைக்கும். ஒவ்வொன்றும் முடிந்ததும் பக்கத்தில் ஒரு சரி போட வேண்டும். "முதல் மாதம் முழுக்க நான் சரி போடும் மெஷின்" என்று ராத்தா சிரித்தார்.

ஆனால் அந்தச் சின்னச் சரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இந்தத் தொழில் விளங்கிவிடும். ஓர் உதாரணம் சொல்கிறேன். மின்சாரப் பொருட்கள் விற்கும் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பேரேட்டில் மார்ச் மாதத்துக்கு 40 குளிர்சாதனப் பெட்டி விற்பனை எழுதப்பட்டிருக்கிறது. புதியவர் அந்த 40இல் 10ஐத் தெரிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் விலைப்பட்டியலும் பொருள் ஒப்படைத்த சீட்டும் இருக்கிறதா என்று பார்க்கிறார். எல்லாம் இருக்கின்றன. சரி, சரி, சரி.

இதிலிருந்து என்ன தெரியவந்தது? தெரிவு செய்த 10 விற்பனைகளுக்கும் ஆதாரம் உண்டு என்பது மட்டும்தான். நடந்த விற்பனை ஒன்று பேரேட்டில் எழுதப்படாமல் விடப்பட்டிருந்தால் இந்தச் சோதனை அதை ஒருபோதும் காட்டாது. எழுதப்படாததை எழுதப்பட்டவற்றின் பட்டியலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அதற்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். ஒப்படைத்த சீட்டுப் புத்தகத்தை முதலில் எடுத்து, அதன் தொடர் இலக்கங்களைப் பார்த்து, அங்கிருந்து பேரேட்டுக்கு வர வேண்டும். 146 இருக்கிறது, 148 இருக்கிறது, 147 எங்கே?

பேரேட்டிலிருந்து சீட்டுக்குப் போனால் "எழுதியது நடந்ததா?" என்ற கேள்விக்குப் பதில். சீட்டிலிருந்து பேரேட்டுக்கு வந்தால் "நடந்தது எழுதப்பட்டதா?" என்ற கேள்விக்குப் பதில். இரண்டிலும் போடப்படுவது ஒரே சரிதான். எந்தக் கேள்விக்காக அதைப் போடுகிறோம் என்று தெரியாதவர் நாள் முழுக்கச் சரி போட்டாலும் எதையும் பரிசோதிக்கவில்லை.

பரீட்சை மீதி காட்டிக்கொடுக்காத வழுக்கள் என்று நாம் மனனம் செய்கிறோமே, அதுவும் இதுதான். ஒரு கொடுக்கல் வாங்கல் முழுதாக விடுபட்டால் வரவுப் பக்கமும் குறையும், செலவுப் பக்கமும் குறையும். பரீட்சை மீதி சமப்படும். வாகனம் வாங்கிய பணத்தைத் திருத்தச் செலவு என்று எழுதினாலும் சமப்படும். வகுப்பில் மீதி சமப்பட்டதும் பேனையை வைத்துவிட்டு மூச்சு விடுகிறோம். கணக்காய்வாளரின் வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

திகதியும் அப்படியே. இலங்கையில் பல கம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஏப்ரல் 2ஆம் திகதி லொறியில் ஏறிய பொருளை மார்ச் 31 விற்பனையாக எழுதினால் விற்பனை உண்மை, தொகை உண்மை, வாங்கியவரும் உண்மை. ஆண்டு மட்டும் பொய். அதைப் பிடிப்பதற்குப் பெரிய கணித அறிவு தேவையில்லை. கடைசிச் சில ஒப்படைத்த சீட்டுகளின் திகதியை நிதானமாக வாசித்தால் போதும்.

மூன்று வழக்குகள், மூன்று பாடங்கள்

இன்று புதியவருக்குக் கொடுக்கப்படும் இந்தச் சின்ன வேலைகள் சும்மா வந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஏமாந்த கதை இருக்கிறது.

முதலாவது, இங்கிலாந்தின் கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கு. ஆலையின் முகாமையாளர் பல ஆண்டுகளாக இருப்பைக் கூட்டிக் காட்டி இலாபத்தைப் பெருக்கினார். இருப்பு இவ்வளவு என்று அவர் கொடுத்த சான்றிதழைக் கணக்காய்வாளர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். 1896இல் தீர்ப்பளித்த மேன்முறையீட்டு நீதிமன்றம், சந்தேகப்படக் காரணம் இல்லாதபோது பொறுப்பான ஒருவரின் சொல்லை நம்பியது குற்றமல்ல என்றது. கணக்காய்வாளர் காவல் நாயைப் போன்றவர், மோப்பம் பிடித்துத் துரத்தும் வேட்டை நாய் அல்லர் என்று நீதிபதி லோப்ஸ் சொன்ன உவமை இன்றும் இத்துறை மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் நாம் படித்த சாதாரணச் சமன்பாடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஆரம்ப இருப்புடன் கொள்வனவைக் கூட்டி, வெளியே சென்றதைக் கழித்தால் இறுதி இருப்பு ஏறத்தாழ எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் சான்றிதழின் மீது கேள்வி எழுந்திருக்கும்.

இரண்டாவது, அமெரிக்காவின் மக்கெசன் அன் ரொபின்ஸ் என்ற மருந்துக் கம்பனி. அதன் தலைவர் கொஸ்டர் என்ற பெயரில் வாழ்ந்தவர். உண்மையில் அவர் முன்பே மோசடிக்குத் தண்டனை பெற்ற பிலிப் மியூசிகா. கனடாவில் களஞ்சியங்களில் மருந்துப் பொருட்கள் இருப்பதாகக் கடதாசிகளை உருவாக்கினார். களஞ்சியமும் இல்லை, பொருளும் இல்லை. கணக்காய்வாளர்கள் கடதாசிகளைப் பார்த்தார்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தன. நேரில் போய் எண்ணுவது அக்காலத்தில் வழக்கமில்லை. கம்பனியின் பொருளாளர் தொம்சன் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகு 1938இல் உண்மை வெளிவந்தது. சுமார் 8 கோடியே 70 இலட்சம் டொலர் என்று காட்டப்பட்ட சொத்தில் ஏறத்தாழ 2 கோடி டொலர் வெறும் எழுத்து. அடுத்த ஆண்டு முதல் அமெரிக்கக் கணக்காய்வாளர்கள், இருப்பு எண்ணப்படும்போது நேரில் நிற்பதையும் கடன்பட்டோரிடம் நேரடியாக உறுதிப்படுத்தல் கேட்பதையும் தமது வழமையான கடமையாக ஏற்றுக்கொண்டார்கள்.

மார்ச் 31 இரவு ஒரு களஞ்சியத்தில் ராத்தா நின்றதும் இதனால்தான். கடைக்காரரின் ஆட்கள் முன்வரிசைப் பெட்டிகளை எண்ணிச் சொன்னார்கள். அவருடைய மேலாளர், "பின்வரிசையில் நீங்களே ஒரு பெட்டியைத் தெரிவு செய்து திறக்கச் சொல்லுங்கள்" என்றாராம். திறந்தார்கள், பொருள் இருந்தது. இருந்தது என்பதை இப்போது பார்த்தவராகச் சொல்லலாம். "பெட்டியை நான் தெரிவு செய்ததுதான் முக்கியம். அவர்கள் காட்டியதைப் பார்ப்பது வேறு, நாங்கள் கேட்டதைப் பார்ப்பது வேறு" என்றார் ராத்தா.

மூன்றாவது நமக்குப் பக்கத்து நாடு. ஹைதராபாத்தைத் தலைமையகமாகக் கொண்ட சத்யம் என்ற கணினி நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜூ, 2009 ஜனவரி 7ஆம் திகதி தம் பணிப்பாளர் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐந்தொகையில் காட்டிய 5,361 கோடி இந்திய ரூபாய் காசு மற்றும் வங்கி மீதியில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். எமக்கு இது எப்படி நடக்கும் என்றுதான் தோன்றும். வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று வங்கியைக் கேட்டால் முடிந்ததே! ஆனால் கேள்வியை யார் அனுப்புகிறார், பதில் யார் கையால் வருகிறது என்பதில்தான் விடயம் இருக்கிறது. வங்கி உறுதிப்படுத்தல்களைக் கணக்காய்வாளர்கள் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவில்லை, நிறுவனத்தின் கைவழியாகவே விட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2011இல் கண்டது. 2015இல் இந்திய நீதிமன்றம் ராஜூ உட்படப் பத்துப் பேரைக் குற்றவாளிகளாகத் தீர்த்தது. அவர்களில் இருவர் முன்னாள் கணக்காய்வாளர்கள்.

ஆகவே ஒரு புதியவரிடம் "இந்தக் கடிதத்தை நீங்களே தபாலில் சேர்த்துவிட்டு வாருங்கள், பதில் எங்கள் அலுவலகத்துக்கு வரட்டும்" என்று சொல்லப்பட்டால், அது எடுபிடி வேலை அல்ல. அந்த ஒரு வேலை ஒழுங்காக நடக்காததால் ஆயிரக்கணக்கான கோடி மறைந்து கிடந்தது.

கேட்கத் தெரிய வேண்டும்

இந்த மூன்று கதைகளிலும் குறைந்திருந்தது ஒன்றுதான். யாரோ ஒருவர், சரி போடுவதற்கு முன், "காட்டுங்கள்" என்று கேட்கவில்லை. இதைத் தொழில்சார் ஐயுறவு என்பார்கள். எல்லோரையும் கள்ளர் என்று நினைப்பது இதன் பொருள் அல்ல. சொன்னவர் நல்லவர் என்பதற்காகச் சொன்னதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே இதன் பொருள்.

சொல்ல எளிது. இருபது வயதுப் பெண் ஒருத்தி, முப்பது வருடம் கணக்கு எழுதிய ஒருவரின் மேசைக்கு முன்னால் போய், "இந்தச் செலவுக்கு உறுதிச்சீட்டு எங்கே?" என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள். வயதில் மூத்தவரைக் கேள்வி கேட்காதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ராத்தாவுக்கும் முதல் சில மாதங்கள் தொண்டை அடைத்துக்கொண்டது. பிறகு கேட்கும் முறையை மாற்றிக்கொண்டார். "இது ஏன் இல்லை?" என்பதற்குப் பதிலாக, "சேர், இந்தக் கொடுப்பனவு தொடக்கத்திலிருந்து முடிவுவரை எப்படி நடக்கிறது என்று எனக்கு ஒருமுறை சொல்லித்தர முடியுமா?" என்று கேட்டார். யார் கோரிக்கை எழுதுகிறார், யார் அனுமதிக்கிறார், யார் காசோலையில் ஒப்பமிடுகிறார், யார் பதிகிறார் என்று அவர் சொல்லிக்கொண்டு போகும்போதே, ஒரே ஆள் இரண்டு வேலை செய்கிற இடம் தானாகத் தெரிந்துவிடுமாம். காசைக் கையாள்பவரே காசேட்டையும் எழுதினால் அங்கே உள்ளகக் கட்டுப்பாடு பலவீனம். அவர் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. அவர் தவறு செய்தால் கண்டுபிடிக்க ஆளில்லை என்பதே குறிப்பு.

புதியவருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. மேலாளர் ஒருவர் அடிப்படைக் கேள்வி கேட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்று நினைப்பார்கள். புதியவர் கேட்டால் யாரும் அப்படி நினைப்பதில்லை. அந்தச் சலுகை முதல் வருடத்தோடு முடிந்துவிடும். அதற்குள் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட வேண்டும்.

எழுதி வைப்பது

செய்த வேலையை வேலைத்தாளில் எழுதாவிட்டால், அந்த வேலை செய்யப்படவில்லை என்றே கொள்ளப்படும். எதைத் தெரிவு செய்தேன், ஏன், எந்த ஆவணத்தைப் பார்த்தேன், என்ன கண்டேன், என்ன முடிவுக்கு வந்தேன் என்று எழுத வேண்டும். அந்தக் கணக்காய்வோடு முன்பின் தொடர்பில்லாத அனுபவமுள்ள வேறொரு கணக்காய்வாளர் எடுத்து வாசித்தாலும் விளங்க வேண்டும் என்பதே நியமம். மேலாளர் அதை வாசித்துக் கேள்விகளை எழுதித் திருப்பி அனுப்புவார். முதலில் அந்தக் கேள்விகள் மனதைச் சுடும். ராத்தாவுக்கு ஒரே தாளில் 23 கேள்விகள் வந்தனவாம். அவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, அடுத்த வேலையைத் தொடங்குமுன் அந்தக் கொப்பியை வாசிப்பது அவர் பழக்கம். ஒரு வருடத்தில் 23 என்பது 5, 6 ஆகக் குறைந்தது. வளர்ச்சி என்பது இந்தத் தொழிலில் இப்படித்தான் அளக்கப்படுகிறது.

எழுதி வைத்தலின் பெறுமதியை யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. என் மூத்தாப்பாவுக்குப் பெரியகடைப் பக்கம் இரும்புச் சாமான் கடை இருந்தது. 1990 அக்டோபர் 30ஆம் திகதி சில மணி நேரத்துக்குள் எல்லோரும் ஊரை விட்டு வெளியேற வேண்டி வந்தபோது, கடையும் கொள்வனவுச் சீட்டுகளும் கடன் கொப்பியும் உள்ளேயே கிடந்தன. யார் அவருக்கு எவ்வளவு தர வேண்டும், அவர் யாருக்கு எவ்வளவு கொடுத்து முடித்தார் என்பதெல்லாம் அந்தக் கொப்பியில். புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் இழப்பைப் பதியப் போன இடத்தில் "ஆதாரம்?" என்று கேட்டார்களாம். மூத்தாப்பா மனப்பாடமாகச் சொன்னார், எழுதிக்கொண்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொல்வதும் உண்மையை நிரூபிப்பதும் ஒன்றல்ல. ஆதாரம் கேட்பதும் வைத்திருப்பதும் நேர்மையானவரை அவமதிக்கும் காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மையானவருக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. தொகை சிறிதென்றாலும் பெரிதென்றாலும் தவணையோடு எழுத அலுப்புப்படக் கூடாது என்று அது அறிவுறுத்துகிறது. சில்லறைக் காசின் சின்ன உறுதிச்சீட்டுகளைப் புரட்டிக் களைப்படையும் எந்தப் பயிலுநரும் இதை நினைத்துக்கொள்ளலாம்.

அமானிதம்

கணக்காய்வாளருக்கு ஒரு கம்பனியின் இரகசியம் முழுக்கத் தெரியும். யாருடைய சம்பளம் எவ்வளவு, எந்தக் கிளை நட்டம், எது விற்கப்படப் போகிறது எல்லாம் தெரியும். வீட்டுக்கு வந்து வாய் திறக்கக் கூடாது. "எந்தக் கடைக்குப் போனீங்க?" என்று உம்மா கேட்டாலும் ராத்தா சிரித்துவிட்டுப் போய்விடுவார். அதேபோல் தான் பரிசோதிக்கும் கம்பனியில் தனக்குப் பங்கு இருக்கக் கூடாது, நெருங்கிய உறவினர் கணக்குப் பொறுப்பில் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட்டு அந்த வேலையிலிருந்து விலக வேண்டும், அன்பளிப்புகளில் கவனமாக இருக்க வேண்டும். இதற்குப் பெயர் சுயாதீனம். மனதளவில் சுயாதீனமாக இருந்தால் மட்டும் போதாது, பார்ப்பவருக்கும் அப்படித் தெரிய வேண்டும். யாழ்ப்பாணம் போன்ற ஊரில், ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு வழியில் சொந்தமாக இருக்கும் இடத்தில், இது பெரிய சோதனை.

ஒரு முன்னோடி

கணக்காய்வு ஆண்களின் தொழில் என்ற எண்ணம் நீண்ட காலம் இருந்தது. அதை உடைத்தவர் ஒரு தமிழ்ப் பெண் என்பது எங்கள் வகுப்பில் பலருக்குத் தெரியாது. 1907இல் பிறந்த சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் இந்தியாவின் முதல் பெண் கணக்காளர். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற அவர், சிறையிலிருந்த காலத்தில்தான் கணக்கீட்டுத் துறையில் இறங்க முடிவெடுத்தார். பிறகு சி. எஸ். சாஸ்திரி என்ற கணக்காய்வாளரிடம் பயிலுநராகச் சேர்ந்தார். 1933இல் தகுதி பெற்றார். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவுசெய்ய முடியாது என்ற தடை குறுக்கே வந்தபோது, நீதிமன்றம் சென்று வென்றார். 1937இலிருந்து தனியாகத் தொழில் நடத்தினார். 1955 முதல் 1958 வரை இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்தியப் பிராந்திய சபைக்குத் தலைமை வகித்தார்.

அவரும் ஒருநாள் புதியவராக, யாரோ ஒருவருடைய காசேட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார். கூட்டத்தில் ஒரே பெண்ணாக இருந்திருப்பார். எங்களுக்கு இன்று அந்தத் தனிமை இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து போகும் பாதை

இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் பரீட்சைகளைப் படிப்படியாகச் சித்தியடைவதோடு, அங்கீகரிக்கப்பட்ட இடமொன்றில் மூன்று வருடச் செயன்முறைப் பயிற்சியும் பெற வேண்டும். 1987இல் தொடங்கிய இலங்கைக் கணக்கீட்டுத் தொழினுட்பவியலாளர் கழகத்தின் பாடநெறி இன்னொரு வாசல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடத்தில் படித்துவிட்டு இத்துறைக்கு வருபவர்களும் உண்டு. அரச கணக்காய்வுச் சேவைக்குப் போட்டிப் பரீட்சை மூலம் செல்லலாம்.

தடைகள் இல்லை என்று சொல்ல மாட்டேன். அறிக்கைகளும் கடிதங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பெரிய நிறுவனங்கள் கொழும்பில் இருப்பதால் விடுதியில் தங்க வேண்டி வரலாம். ஆண்டு முடிவு வேலை இரவாகும், வெளி மாவட்டப் பயணம் வரும். எங்கள் வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். ராத்தாவின் வாப்பாவும் கேட்டார். சேருமுன் நிறுவனத்திடமே சில விடயங்களை விசாரித்தார். இருப்புக் கணக்கெடுப்புக்குத் தனியாக அனுப்புவார்களா, போக்குவரத்து யாருடையது, பெண் பயிலுநர்கள் எத்தனை பேர் என்று கேட்டு, பதில் திருப்தியான பிறகே சம்மதித்தார். பயத்தைச் சொல்லி மறுக்காமல் பயத்தைக் கேள்வியாக மாற்றிக் கேட்டதுதான் சரியான வழி என்று நான் நினைக்கிறேன்.

இப்போதே தொடங்கலாம்

தங்கைகளே, இந்தத் தொழிலுக்குத் தேவையான பழக்கங்களுக்குப் பட்டயம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வர்த்தக மன்றத்திலோ இல்ல விளையாட்டுப் போட்டியிலோ காசுப் பொறுப்பு வந்தால் இரண்டு பேராக வாங்குங்கள், ஒருவர் காசை வைத்திருக்க மற்றவர் எழுதட்டும். பற்றுச்சீட்டு தராத கடையில், கொப்பித் துண்டிலாவது திகதியும் தொகையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கணக்கீட்டு வினாவைச் செய்து மீதி சமப்பட்ட பிறகு, "இது சமப்பட்டும் பிழையாக இருக்கக்கூடிய இடம் எது?" என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். ஒருவர் எதையாவது சொன்னால் முகம் சுளிக்காமல், குரல் உயர்த்தாமல், "காட்டுவீங்களா?" என்று கேட்கப் பழகுங்கள்.

உயர்தரம் முடிந்ததும் நானும் விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். என் பின்னால் வரும் யாராவது இதே யோசனையில் இருந்தால் பயிற்சிக் காலத்தைப் பற்றி, ஊதியத்தைப் பற்றி, தங்குமிடத்தைப் பற்றி அங்கே ஏற்கெனவே இருப்பவர்களிடம் விசாரியுங்கள். ராத்தாவைப் போன்றவர்கள் இப்போது எமது ஊரிலிருந்தும் போய்க்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் சொல்லித்தருவார்கள்.